தண்ணீர் வரும் வரை அவிழாத மூட்டை

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. நல்லேப்பிள்ளியிலிருந்து பாலக்காட்டுக்கு நெல் ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர், எங்கள் கடை வாசலில் மாடுகளை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, மாரப்பண்ணன் நேத்து விடியக்காலம் தவறிப்போயிட்டாருங்க. அவுங்க தங்கச்சி உங்ககிட்டச் சொல்லிப்போடச் சொன்னாங்க. பொளுதோட எடுத்தாச்சுங்க."

காய்ச்சல் என்று தங்கை வீட்டுக்குப் போனவர். பதினைந்து நாளில் எழுந்து வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். என் எதிரே ஒரு மாமி புடவைக் கரை பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு, நம்ம மூட்டைக்கார மாரப்பனா?" என்றாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த புடவையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ இனிமே எங்க தெருவுக்கு யார் வருவா?" என்றாள்.

அன்று மாலைக்குள் ஐந்து பேர் என்னிடம் அதையே கேட்டுவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலருடைய வீட்டு வாசலில் மாரப்பர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களுக்கு நான் அவரை வர்ணிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஜவுளிக் கடையிலிருந்து புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வந்தவர். உயரமான மனிதர். முப்பது வருஷம் மூட்டை சுமந்ததில் இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். வெற்றிலைச் சாறு படிந்து நரைத்த மீசையின் ஒரு நுனி மட்டும் சிவப்பாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வக்கீலாக இருந்த என் கணவர் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஜவுளிக் கடை வைத்தபோது எங்கள் உறவினர்கள் சிரித்தார்கள். கடை திறந்த முதல் மாதம் ஒருவரும் வராததால் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பலத்தது. புடவை கட்டுகிறவர்கள் பெண்கள். அந்த நாளில் எங்கள் கோவில் தெருப் பெண்கள் கடைத்தெருவுக்கு வந்து, நின்று, விலை கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. ஆண்கள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் அது பிடிக்காமல் திரும்பி வந்தது. பாலக்காட்டை அடுத்த சித்தூர் நெசவாளர்களுக்காக மூட்டை சுமந்துகொண்டிருந்த மாரப்பர் ஒரு நாள் கடைக்குள் வந்து அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, இத்தனை சரக்கையும் இங்கயே அடுக்கி வெச்சுட்டு நீங்களே பார்த்துட்டு இருக்கறதுக்கா?" என்றார். என் கணவர் அன்றே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் மூட்டையைப் படியில் இறக்கி வைப்பார், அவிழ்க்க மாட்டார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்பார். தண்ணீர் வந்து, குடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் முடிச்சில் கை வைப்பார். அந்தத் தண்ணீரை எப்படிக் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செம்பை அவர் கையில் தரமாட்டார்கள். மேலேயிருந்து ஊற்றுவார்கள், அவர் படிக்குக் கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். நாளொன்றுக்கு ஏழெட்டு வீடுகளில் அப்படிக் குடிப்பார். ஒரு மனிதனுக்கு அத்தனை தாகம் எடுக்காது. முதலில் அதை ஒரு சடங்கு என்று நினைத்தேன். பிறகு சோம்பல் என்று நினைத்தேன்.

ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் ஏறக்குறையப் போயிற்று. கடை என் தலையில் விழுந்தது. நான் சென்னையில் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள். எதையும் ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தால் சரியாக நடக்கும் என்று நம்பிக் கற்றவள். மாரப்பரை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் கேட்டுக் கேட்டு ஒரு தடித்த நோட்டில் எழுதினேன். எந்த வீட்டில் கல்யாண வயதுப் பெண், எங்கே பூணூல், யார் எந்த நிறம் கட்டமாட்டார்கள், யார் வீட்டுப் பெண் எத்தனை மாதம் என்றெல்லாம் எழுதினேன். இரண்டு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லா ஊட்டு ஜாதகத்தையும் எழுதிப்போட்டீங்க. இனி பலன் சொல்லப் போறீங்களாக்கும்."

"பலன் சொல்லத்தான்" என்றேன். "எப்போது யாருக்கு என்ன வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்தால், அவர்கள் கேட்கும் முன்னால் நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் இல்லையா?"

"கொடுக்கலாமுங்க. ஆனா ஊடுன்னா இந்தக் காயிதம் மாதிரி அப்படியே இருக்காதுங்க. நேத்து இருந்தது இன்னிக்கு இருக்காது."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்த வாரமே அவருக்கு ஒரு புது ஏற்பாடு செய்தேன். நாளொன்றுக்குப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு இத்தனை நேரம். தண்ணீரை ஒரு வீட்டில் குடித்தால் போதும் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தாகத்துக்குக் குடிக்கறேன்னு நெனச்சுட்டீங்களா? தண்ணி வர்ற நேரத்துலதானுங்கம்மா ஊடு தெரியும். யாரு எந்திரிச்சுப் போறாங்க, உள்ளே என்ன சத்தம் கேக்குது, கொண்டாந்து குடுக்கறவங்க மொகம் எப்படியிருக்குது. அது தெரியாம மூட்டையை அவுக்கப்படாதுங்க. இன்னிக்கு அவுக்கற ஊடு இதில்லைன்னு தெரிஞ்சா, தண்ணியைக் குடிச்சுட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அவர் பன்னிரண்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தவும் இல்லை.

அதே சமயத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் கடைத்தெருவின் மேலக்கோடியில் பெரிய ஜவுளிக் கடை திறந்தார். கண்ணாடி அலமாரிகள், வருகிறவர்கள் உட்கார நாற்காலிகள், பெண்களுக்குத் தனி வாசல், குடிக்கச் சோடா. வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன அன்பளிப்பு. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த நான்கைந்து குடும்பங்கள் அங்கே போனதாகக் கேள்விப்பட்டேன். படுத்திருக்கும் கணவர், படிக்கும் இரண்டு பிள்ளைகள், இந்தக் கடையைத் தவிர வேறு வருமானம் இல்லாத வீடு. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் மாரப்பரையும் தன் கடை வேலைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அதையும் மாரப்பரேதான் வந்து என்னிடம் சொன்னார்.

"நாக்காலி போட்டுத் தர்றாங்களாமுங்க. காலை மடக்காம உக்காந்து எனக்குப் பழக்கமில்லீங்க. மரத்துப் போயிரும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிரித்தேன். ஆனால் பயம் போகவில்லை. அவர்கள் அன்பளிப்புத் தந்தால் நாமும் தரவேண்டும் என்று தோன்றியது. நோட்டைப் புரட்டினேன்.

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் தெருக்களில் கறுப்புப் புடவையை எந்த நல்ல காரியத்துக்கும் வாங்கமாட்டார்கள். வளைகாப்புக்கு மட்டும் கறுப்புதான் கட்டவேண்டும். முதல் பிள்ளை உண்டான பெண்ணுக்குக் கறுப்புப் புடவை கட்டி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தாள். அந்த வீட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அவளுடைய தாயார் இரண்டு மாதத்துக்கு முன்பே மாரப்பரிடம் நல்ல கறுப்புப் பட்டு ஒன்று வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். நோட்டின்படி மாதம் வந்துவிட்டது. மாரப்பர் ஊர்க் கோவில் நோன்பு என்று நல்லேப்பிள்ளிக்குப் போயிருந்தார். வர நான்கு நாள் ஆகும். அந்தக் கோயம்புத்தூர்க் கண்ணாடிக் கடைக்காரர் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று நான் காத்திருக்கவில்லை. புடவையை எடுத்தேன். என் யோசனையாக, சிவப்பும் பச்சையுமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி அதன்மேல் வைத்தேன். ஒரு சீட்டில், 'தங்கள் இல்லத்து மங்கள நிகழ்ச்சிக்கு எங்கள் கடையின் அன்பளிப்பு' என்று என் கையால் அழகாக எழுதி வைத்தேன். கடையில் துணி அளக்கும் மலையாளத்துப் பையன் சங்குண்ணியிடம் கொடுத்து அனுப்பினேன். தண்ணீர் கேட்டுக் குடி என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

சங்குண்ணி அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, வாசல்ல நின்னு வளைகாப்புப் புடவை கொண்டாந்திருக்குன்னு உரக்கப் பறஞ்சுட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பெரிய மாமி வந்தா. புடவையைப் பார்த்தா, வளையலைப் பார்த்தா. எல்லாத்தையும் தூக்கித் தெருவுல எறிஞ்சுட்டா. வாதில் கதவை அடைச்சுட்டா. பக்கத்து வீட்டுக்காரா சொல்லித்தான் தெரியும். குழந்தை மூணு நாளைக்கு முன்னாடி வயத்துலயே போயிடுத்தாம்."

என் கணவர் கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரால் பேச முடியாது. இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு முறை தட்டினார். போ என்று சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன்.

மறுநாள் காலையில் மாரப்பர் வந்துவிட்டார். அவர் ஊருக்கே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு வரும் முன்னால் நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே அவர் என்ன சொன்னார் என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. "மாசம் வந்ததும் அனுப்பிப்போடுங்கன்னு கடையில நான்தானுங்க சொல்லிட்டுப் போனேன். வளையலும் நான் சொன்னதுதானுங்க. விசாரிக்காமச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க." அந்த வீட்டுத் தாயார் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கடைக்கு வந்தவர், பக்கத்துத் திண்ணையில் யாரோ எடுத்து வைத்திருந்த புடவையை என் முன்னால் வைத்தார். புழுதி படிந்திருந்தது. வேட்டித் தலைப்பில் எதையோ முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்தார். உடைந்த வளையல் துண்டுகள்.

"தெருவுல கெடந்தா யாரு காலுலயாச்சும் குத்திப்போடும்னு பொறுக்கியாந்தேன்."

"நான்தானே அனுப்பினேன், மாரப்பரே. நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"கடை தப்புப் பண்ணிருச்சுன்னா தெருவே போயிரும் அம்மிணி. மாரப்பன் தப்புப் பண்ணினான்னா மாரப்பனைத் திட்டிட்டு மறுபடி வாங்குவாங்க."

பதினான்கு வருஷத்தில் அவர் என்னை 'அம்மிணி' என்று கூப்பிட்டது இரண்டே தடவை. அது முதல் தடவை. வீட்டில் பிறந்த தங்கையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். நான் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சொன்ன கணக்கு எனக்கு வசதியாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

அதன்பின் ஒரு மண்டலம் அவர் மூட்டை எடுக்கவில்லை. தினம் வெறுங்கையோடு தெருவுக்குப் போனார். வழக்கமாக உட்காரும் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சில வீடுகளில் தண்ணீர் வந்தது. சில வீடுகளில் வசவு வந்தது. தெருக்கோடி மாமிக்கு வாய் அதிகம். அவளே பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

"என்னடா மாரப்பா, வெறுங்கையை வீசிண்டு வரே? மூட்டை சுமக்கற கழுதை ஓடிப் போயிடுத்தா?"

"கழுதை இங்கதானுங்க மாமி இருக்குது. மூட்டைதான் ஓடிப்போச்சுங்க."

"செரி செரி, இந்தா, குடிச்சுட்டுப் போ. அடுத்த மாசம் நம்மாத்துல ஆயுஷ்ஹோமம். ஓடிப்போன மூட்டையைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவா."

அப்படித்தான் ஒவ்வொரு வீடாகத் திரும்பி வந்தது. கண்ணாடிக் கடையின் சோடாவும் நாற்காலியும் எங்கள் தெருவை முழுவதும் இழுத்துக்கொள்ளவில்லை என்றால், காரணம் என் நோட்டு அல்ல. அந்த நாற்பது சொச்சம் நாளும் அவர் ஒரு முழம் துணிகூட விற்கவில்லை. ஆனால் இந்தக் கடை இன்றுவரை நிற்பது அந்த நாட்களின் மேல்தான்.

அந்த ஒரு வீடு மட்டும் திரும்பவில்லை. எட்டு வருஷம் மாரப்பர் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். படியை மிதிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் மறுபடி உண்டானாள். வளைகாப்புக்குக் கண்ணாடிக் கடையில் கறுப்புப் பட்டு எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவர்தான் ஓடிவந்து எனக்குச் சொன்னார். "நல்லபடியா வளையல் போட்டாச்சுங்கம்மா. சத்தம் கேட்டுச்சுங்க." புடவை எங்கே வாங்கினார்கள் என்று நான் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வாங்குனா என்னங்க" என்றார். என் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

தெருவில் திரும்பி வந்த அந்தக் கறுப்புப் புடவையை விற்க அவர் விடவில்லை. "அது ஒரு ஊட்டுக்குன்னு போனதுங்க. இன்னொரு ஊட்டுக்குப் போகப்படாது" என்றார். கீழ் அலமாரியில் காகிதம் சுற்றி இன்னும் இருக்கிறது.

அவரை மகானாக்கிவிட எனக்கு விருப்பம் இல்லை. அவரும் ஒப்பமாட்டார். எல்லாப் பெண்களிடமும் 'இது கடைசி உருப்படிங்க' என்று பொய் சொல்வார். அதே நிறத்தில் இன்னும் ஆறு மூட்டைக்குள்ளேயே இருக்கும். நான் வேலைக்கு வைத்த ஒருவரையும் அவர் தெருவுக்குள் வரவிட்டதில்லை. வழி காட்டிக் கொடு என்றால் கால் வலி என்பார். தெரு என்னுடையது என்ற கர்வம் அவருக்கு நிறைய இருந்தது. அதனால்தான் இன்று, இனி யார் வருவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த அலுப்பிலும் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

நல்லேப்பிள்ளிக்குப் புறப்பட்ட அன்று, காய்ச்சலோடு கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். ஜட்கா பிடித்து வரச் சங்குண்ணியை அனுப்பியிருந்தேன். உள்ளே போய் நானே தண்ணீர் கொண்டுவந்து செம்போடு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ரொம்பச் சலிச்சுப்போயிட்டீங்க அம்மிணி" என்றார்.

அது இரண்டாவது தடவை. தண்ணீர் வருகிற நேரத்தில் என் வீட்டையும் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்போது வாய்வரை வந்தது. ஜட்கா வந்துவிட்டது. உடம்பு தேறி வரட்டும், அவரை வைத்துக்கொண்டே போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். எட்டு வருஷம் 'நாளைக்கு' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவளுக்கு அதுவும் எளிதாகவே வந்தது.

செய்தி வந்த மறுநாள், புதன்கிழமை காலை, அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். இப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். இடுப்பில் இரண்டாவது குழந்தை. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"மாரப்பர் போய்விட்டார். அன்றைக்குப் புடவையும் வளையலும் அனுப்பச் சொன்னது அவர் இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் அனுப்பினேன்."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"சீட்டு வெச்சிருந்தேளே, அது வாசல்லயே விழுந்து கெடந்தது. உங்க கையெழுத்து. அவருக்கு எழுதத் தெரியாதுன்னு இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது? அம்மாவும் படிச்சா. நானும் படிச்சேன்."

நான் கேட்டேன். "தெரிந்துமா அவரைப் படியேற விடவில்லை?"

"அம்மாவுக்கு அன்னிக்கு யார் மேலயாவது கோவிச்சுக்கணும். அத்தனை துக்கம் அவளுக்கு. வந்து நின்னவர் அவர்தான். நீங்க வரல்லையே." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "மறுநாள் அவர் தெருவுல குந்திண்டு வளையல் துண்டையெல்லாம் பொறுக்கறதை ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டிருந்தேன். கூப்பிடணும்னு இருந்தது. அம்மா இருந்தா. அப்புறம் கூப்பிடக் கூச்சமாப் போயிடுத்து. போன வருஷம் அம்மா போறதுக்கு முன்னாடி படுத்த படுக்கையா இருக்கறச்சே ஒரு நாள் கேட்டா, 'அந்த மாரப்பன் இப்பவும் வாசல்ல நின்னுட்டுப் போறானோ?' நிக்கறார்னேன். கண்ணை மூடிண்டுட்டா."

"நான் கடையிலிருந்து வரவில்லை" என்றேன். "எதையும் விற்க வரவில்லை. அவரைப் பற்றி எழுதப் போகிறேன். இதையும் எழுதலாமா என்று கேட்கத்தான் வந்தேன்."

யோசித்தாள். "எழுதுங்கோ. எங்க பேர் வேண்டாம். அவர் பேரைச் செரியா எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். அவரை அறிந்தவர்களே, எட்டு வருஷமாக உங்களில் பலர் அவரிடம் வேடிக்கையாகவும் வினையாகவும் சொல்லிக் காட்டிய அந்தத் தவற்றை நல்லேப்பிள்ளி மாரப்பர் செய்யவில்லை. செய்தவள் நான். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால், அந்த வீட்டிலும் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்திருக்கும்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது? மூட்டை கட்டும் அந்தப் பெரிய காவித் துணியைக் கேட்டு ஆள் அனுப்பினேன். அதைத்தான் அவர்மேல் போர்த்திக் கொண்டுபோனதாகத் தங்கை சொல்லியனுப்பினார். நோட்டு இருக்கிறது, அதில் அவர் இல்லை. ஆகவே, மூட்டையை அவிழ்க்கும் முன்னால் அவர் காத்திருந்த அந்தச் சிறிது நேரத்தைத்தான் நான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை வேறொரு துணியில் மூட்டை கட்டி, சங்குண்ணியைத் தூக்கி வரச் சொல்லி, நானே தெருவுக்குப் போனேன். எனக்கு முழங்கால் வலி. நான்காவது வீட்டிலேயே வயிறு முட்டத் தண்ணீர். தெருக்கோடி மாமி, "பட்டம் வாங்கினவாளும் மூட்டை தூக்க வந்தாச்சா!" என்று சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வீடுகளில் மூட்டையை அவிழ்த்தேன். இரண்டு வீடுகளில் அவிழ்க்காமல் திரும்பினேன். இந்தத் தெரு இனியும் எங்களிடம் வாங்குமா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கடையின் ஆள் ஒருவர் பெட்டியோடு தெருவுக்குள் வந்து போவதாகச் சொல்கிறார்கள்.

அந்த வீட்டு வாசலுக்குக் கடைசியாக வந்தேன். அவரைப் போலவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தேன். கதவு திறந்தது. அவள் என்னைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், உள்ளே போனாள். நான் படியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் எதுவோ தாளிக்கும் வாசனை வந்தது.

அவள் எதுவும் வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது.